துரத்திப் போகாதவள்

அந்தப் புத்தகத்தைத் திறந்தால் மண்ணெண்ணெய் மணக்கும். சித்தப்பா யாழ்ப்பாணத்திலிருந்து படகில் வரும்போது மண்ணெண்ணெய்க் கலனுக்கும் அரிசிப் பைக்கும் நடுவில் செருகிக்கொண்டு வந்த பழைய சித்திரக்கதை அது. நெடுந்தீவில் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோதே அட்டை இல்லை, வந்த மூன்றாம் நாள் அம்மா குசினியில் அடுப்பு மூட்டக் கைக்கு அகப்பட்ட தாளைக் கிழித்ததில் கடைசி நான்கு பக்கங்களும் போயின. ஆகவே அந்தக் கதை எப்படி முடிந்தது என்று எனக்கும் தெரியாது, என் தங்கை றீற்றாவுக்கும் தெரியாது. அப்போது எனக்குப் பதினொரு வயது, அவளுக்கு எட்டு.

செய்யாத கொலைக்காகத் தேடப்படும் ஒருவன், தோளில் குண்டு பாய்ந்து, குதிரையும் செத்துப்போக, அமெரிக்காவின் மேற்கே எங்கோ ஒரு பாலைவனத்தை நடந்தே கடக்கிறான். பின்னால் மூன்று குதிரைக்காரர் வருகிறார்கள். தாகம் தெரியாமலிருக்க நாக்குக்குக் கீழே சிறு கல்லை ஒதுக்கிக்கொள்கிறான். ஒரு மரக்கொப்பை இழுத்துக்கொண்டு நடந்து தன் கால்தடத்தைத் தானே அழிக்கிறான். "வெளியே வா நண்பா, உனக்குத் தண்ணீர் தருகிறோம்" என்று அவர்கள் தேனாகக் கூப்பிடும்போது வாயே திறக்காமல் பாறையோடு பாறையாகக் கிடக்கிறான். தூரத்தில் தூசி எழும்புகிற படத்தோடு எங்களிடமிருந்த தாள்கள் முடிந்துவிடும்.

எங்களுக்கு அது அந்நிய நாட்டுக் கதையாகத் தோன்றவில்லை. "சோளகம்" என்று நாங்கள் சொல்லும் தென்மேல் காற்று வீசத் தொடங்கினால் தீவின் மேற்குப் பக்கத்து வெளியான "வெட்டை"யில் புல் கருகி, குளங்கள் வெடித்து, எந்தக் காலத்திலோ வெள்ளைக்காரர் விட்டுப்போன குதிரைகள் தண்ணீர் தேடி எலும்பும் தோலுமாக அலையும். கிணறுகளில் பாதி உவர். வெட்டைப் பக்கம் கால் வைக்கக் கூடாது என்று அம்மா சொல்லியிருந்தா, நாங்களும் "ஓம், ஓம்" என்று தலையாட்டிவிட்டு அங்கேதான் போவோம்.

அந்தக் கதையைத்தான் அங்கே விளையாடுவோம், அதில் ஓடுகிறவளாக இருக்கத்தான் இருவருக்கும் ஆசை. துரத்துவதில் என்ன பெருமை இருக்கிறது? அந்தச் சனிக்கிழமை சீட்டுக் குலுக்கியபோது றீற்றாவுக்கு விழுந்தது. அதற்கு முந்தின இரண்டு தரமும் அவளுக்குத்தான் விழுந்திருந்தது. அவள் ஒரு சோடாப் போத்தல் தண்ணீரையும் ஒரு வேப்பங்கொப்பையும் எடுத்துக்கொண்டு, "அக்கா, முந்நூறு எண்ணிப்போட்டு வா, அலாப்பக் கூடாது, குறைச்சு எண்ணக் கூடாது" என்று சொல்லிவிட்டு ஓடினாள். நான் கல்வேலியின் நிழலில் குந்தியிருந்து நூறு மட்டும் எண்ணினேன். பிறகு எரிச்சல் வந்தது. கிடந்து காயட்டும் என்று எழும்பி வீட்டுக்குப் போனேன், கூழ் குடித்தேன், பாயில் படுத்தவள் அப்படியே நித்திரையாகிவிட்டேன்.

அம்மா தட்டி எழுப்பியபோது வெயில் முற்றத்தின் மறுபக்கத்துக்குப் போயிருந்தது.

"எங்கை தங்கச்சி?"

உண்மையைச் சொல்ல ஒரு கணம் இருந்தது, அதை நான் விட்டுவிட்டேன். "கோயிலடியிலை ஒளிச்சு விளையாடினனாங்கள். எல்லா இடமும் தேடினனான், காணேல்லை" என்றேன். வெட்டை என்று சொன்னால் அடி விழும், தேடவில்லை என்று சொன்னால் அதைவிட விழும் என்ற கணக்குத்தான். என் வாயிலிருந்து வந்த அந்த ஒரு பொய்யைப் பிடித்துக்கொண்டு முழு ஊரும் மாதா கோயில் பக்கம் ஓடியது. கடலால் வந்து வலை காயப்போட்டுக்கொண்டிருந்த அப்பா அப்படியே சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். மணிக்கூண்டின் உள்ளே பார்த்தார்கள், சேமக்காலையில் கல்லறைகளுக்கு நடுவில் பார்த்தார்கள், கடைசியில் யாரோ பாதாளக்கரண்டியைக் கொண்டுவந்து அப்பாவின் கையில் கொடுத்தார்கள். கிணற்றுக்குள் விழுந்த வாளியைக் கொளுவி எடுக்கிற அந்தக் கொக்கியை அவர் கயிற்றில் கட்டிக் கோயில் கிணற்றுக்குள் மெல்ல இறக்குவதை நான் பார்த்தேன். தண்ணீருக்குள் அவர் தேடுவது எதை என்று விளங்கியதும் ஓடிப்போய்க் கயிற்றைப் பிடித்தேன்.

"அப்பா, அங்கை இல்லை. வெட்டைக்குத்தான் போனவள்" என்றேன். அதற்குமேல் சொல்லத் துணிவு வரவில்லை.

பத்துப் பன்னிரண்டு பேர் மேற்கே ஓடினோம். அனல் காற்று முகத்தில் அடித்தது, காலையிலிருந்து அந்த வெயிலில் ஒரு சோடாப் போத்தல் தண்ணீரோடு அவள் என்ற நினைப்பில் நான் எல்லோருக்கும் முன்னால் ஓடினேன். நிலத்தில் ஒரு கால்தடம்கூட இல்லை. அவள் கொப்பை இழுத்திருக்கிறாள் என்று எனக்கு மட்டும் தெரிந்தது. முருகைக் கற்களை, அதாவது பவளப்பாறைக் கற்களை, அடுக்கிக் கட்டிய எங்கள் வேலிகளுக்குப் படலையோ கதவோ கிடையாது. போகிறவர்கள் நாலு கல்லை எடுத்து வழி செய்துகொண்டு, போனபின் மாடு நுழையாதபடி திருப்பி அடுக்கிவிட வேண்டும். நடக்கப் பழகும்போதே சொல்லித்தருகிற பழக்கம் அது, "எடுத்த கல்லை எடுத்த இடத்திலை வை" என்று அம்மா சொல்லாத நாள் இல்லை. வெட்டைக்குக் குறுக்கே ஓடிய நீள வேலியை அப்பா ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இரண்டு தரம் நடந்து பார்த்தார்.

"கல்லு குலையேல்லை. இதுக்கு அங்காலை பிள்ளை போகேல்லை" என்று திரும்பினார்.

"அவள் போனால் திருப்பி அடுக்கிப்போட்டுத்தான் போவாள், அப்பா" என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்தார், பிறகு கல்லைப் பிரித்தார்.

அந்தப் பக்கம் நின்று எல்லோரும் கூப்பிட்டார்கள். "றீற்றா, வா பிள்ளை, தண்ணி கொண்டந்திருக்கிறம்" என்று அப்பா கூப்பிட்டபோது எனக்குப் புத்தகம் நினைவுக்கு வந்தது. அச்சொட்டாக அந்தக் குதிரைக்காரர் சொன்ன சொல். அவள் அருகில் எங்கேயோ கேட்டுக்கொண்டு கிடந்தாலும் இதற்கு வரவே மாட்டாள். நானும் கூப்பிட்டேன், "விளையாட்டு முடிஞ்சுது, வெளியிலை வா" என்று. துரத்துகிறவர்கள் அதையும் சொல்வார்கள்தானே. காற்றைத் தவிர ஒரு சத்தமும் இல்லை. இருட்டுவதற்கு அதிக நேரம் இருக்கவில்லை, ஆட்கள் கடற்கரைப் பக்கம் போவோம் என்று திரும்பத் தொடங்கினார்கள்.

அப்போதுதான் நான் நடுவெட்டையில் நின்று, அப்பா கேட்க, ஊர் கேட்க, அழுதுகொண்டு கத்தினேன்: "றீற்றா, நான் உன்னைத் தேடி வரேல்லையடி. நூறு மட்டும்தான் எண்ணினனான். கோபத்திலை வீட்டை போய்க் கூழ் குடிச்சிட்டுப் படுத்திட்டன். தேடினனான் எண்டு அம்மாவுக்குப் பொய் சொன்னனான்."

முப்பது முழம்கூட இருக்காது, ஓர் ஈச்சம்பற்றைக்குள்ளிருந்து அவள் தவழ்ந்து வந்தாள். நிற்க ஏலாமல் சரிந்தவளை அப்பா ஓடிப்போய்த் தூக்கினார். உதடு வெடித்து, முகம் சிவந்து, உடம்பு நெருப்பாய்க் கொதித்தது. வாயைத் திறந்தபோது நாக்குக்குக் கீழேயிருந்து ஒரு சிறு கல் விழுந்தது.

"ஏனம்மா குரல் குடுக்கேல்லை?" என்று அப்பா கேட்டார்.

"துரத்திறவங்கள் எண்டு நினைச்சன். அக்கா சொன்னதைத் துரத்திறவங்கள் சொல்லமாட்டாங்கள்" என்றாள்.

மூன்று நாள் ஆஸ்பத்திரியில் சேலைன் ஏற்றினார்கள். பிழைப்பாளா என்று அம்மா செபமாலையை உருட்டிக்கொண்டிருந்த அந்த முதல் இரவை நான் இப்போதும் நினைக்க விரும்புவதில்லை. அப்பா எனக்கு அடிக்கவில்லை. "முதலே சொல்லியிருக்கலாம் பிள்ளை" என்றார், அவ்வளவுதான். மிச்சமிருந்த புத்தகத்தையும் அம்மா அடுப்பில் போட்டா.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தேன். அப்பாவும் இல்லை, அம்மாவும் இல்லை. அந்த நீளக் கல்வேலி பாதி இடிந்து, நாங்கள் கல் பிரித்த இடத்தில் முட்கம்பி ஓடுகிறது. அதைத் தாண்டிப் போக யாரும் எதையும் எடுக்கவும் வேண்டாம், திருப்பி அடுக்கவும் வேண்டாம். ஈச்சம்பற்றை நின்ற இடத்தை என்னால் அடையாளம் பிடிக்க முடியவில்லை. அங்கே நின்று கனடாவிலிருக்கும் றீற்றாவுக்குத் தொலைபேசி எடுத்தேன், அவள் எடுக்கவில்லை. ஐந்து மாதமாக எடுக்கிறாளில்லை. "எப்பிடி இருக்கிறாய், கோபமோ" என்று நான் அனுப்பிய செய்திகளுக்கும் பதில் இல்லை.

போன வருடம் அவளுக்குப் பெரிய சத்திரசிகிச்சை நடந்தது. தனியாக இருக்கப் பயமாயிருக்கு, வந்து நில் அக்கா என்று கேட்டாள். விசாவுக்குப் போட்டுப் பார்த்தேன், மறுத்துவிட்டார்கள் என்று சொன்னேன். அதற்குப் பிறகு அவளுடைய பேச்சுக் குறைந்து குறைந்து நின்றேவிட்டது. இந்த ஐந்து மாதமும் நான் எத்தனை அன்பான சொற்களால் கூப்பிட்டும் அவள் ஏன் வரவில்லை என்பது, அந்த முட்கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் எனக்கு உறைத்தது. என் கட்டுரைகளை அவள் தேடி வாசிப்பவள், இதையும் வாசிப்பாள்.

றீற்றா, நான் விசாவுக்குப் போடவே இல்லை. அந்தக் குளிருக்கும், உன்னை ஆஸ்பத்திரிக் கட்டிலில் பார்ப்பதற்கும் பயந்து வீட்டில் இருந்துவிட்டேன். போட்டுப் பார்த்தேன் என்று உனக்குப் பொய் சொன்னேன்.