மாமியார் ஏறும் உயரம்

காரின் சஸ்பென்ஷன் வேலை என்பது, காருக்கு வைத்தியம் பார்க்கப் போய் அதில் ஏறுகிற எல்லோருடைய முதுகுக்கும் பொறுப்பாளியாகிற தொழில். காருக்கு அடியில் மல்லாக்கப் படுத்தே பாதி வாழ்நாளைத் தொலைத்த என் சக பாவிகளே, நான் கடல்கடந்து வந்து, நியூ லின் என்ற புறநகரில் சின்னதாய் ஒரு கராஜ் வைத்திருக்கிறேன். மலேசியாக்காரன் குணா என்னோடு வேலை செய்கிறான். இது ஒரேயொரு காரின் கதைதான், ஆனால் அந்த ஒன்றே எங்களுக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

செந்திலின் கோரிக்கை

செந்தில் கோயம்புத்தூர்த் தம்பி. நகர மையத்தில் கம்ப்யூட்டர் வேலை, ஹில்ஸ்பரோவில் வீடு. அறுபதுகளில் செய்த அமெரிக்கக் கார் ஒன்றை ஆசை ஆசையாய் வாங்கி வைத்திருக்கிறார். செம்மஞ்சள் நிறம், நீட்டு மூக்கு, ஸ்டார்ட் பண்ணினால் தெருவில் உள்ள நாயெல்லாம் குரைக்கும். வடிவான கார், பொய் சொல்லக்கூடாது. ஆனால் ஒரு பள்ளத்தில் இறங்கினால் உள்ளே இருப்பவரின் பல்லெல்லாம் ஆடும்.

ஊரிலிருந்து வந்திருந்த மாமியாரை அதில் கோயிலுக்குக் கூட்டிப் போயிருக்கிறார். வீட்டுக்கு வந்து கட்டிலில் விழுந்தவ முதுகுவலியில் அன்று முழுக்க எழும்பவேயில்லை. செந்திலின் மனைவி கவிதா ஒரேயடியாய்ச் சொல்லிவிட்டா: ஆடி வெள்ளிக்கு அம்மா இதே காரில்தான் கோயிலுக்குப் போவா, முதுகு வலிக்குது என்று ஒரு சொல் வந்தால் கார் விற்பனைக்கு. செந்தில் கண்கலங்கி வந்து நின்றார். எனக்கே பாவமாய் இருந்தது. காயிலோவர் போடலாம் என்றேன். அது ஸ்பிரிங்கும் குலுக்கலை அடக்குகிற ஷாக்கும் ஒன்றாய்ச் சேர்ந்த சாமான். வளையத்தைத் திருகினால் கார் உயரும், தாழும். குமிழைத் திருப்பினால் மெத்தென்றும் ஓடும், விறைப்பாகவும் ஓடும். செந்திலுக்கு உயிர் வந்தது.

"அண்ணே, எனக்கு ரேஸ் கார் மாதிரி இருக்கணும், அத்தைக்கு மட்டும் சோபா மாதிரி இருக்கணும். அப்படி ஒரு செட்டிங் போட்டுக் குடுங்க."

முன் சீட்டில் பொன்னி அரிசி

சாமானைக் காரில் பூட்டியாயிற்று. உயரம் பிடிக்க ஆட்கள் ஏறிய பாரம் வேண்டும். மாமியாரையே கூட்டிக்கொண்டு வாங்கோ என்றேன். சரிபார்க்க மட்டும் அத்தையை ஏற்றினால் அதற்கே முதுகு பிடித்துவிடும், பிறகு வெள்ளிக்கிழமை எதற்கு என்று செந்தில் மறுத்துவிட்டார். நியாயம்தான். ஓடிப்போய் இந்தியக் கடையில் பொன்னி அரிசி மூட்டைகள் வாங்கி வந்தார். அவற்றை முன் சீட்டில் ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, பெல்ட் போட்டு, மழைக்குளிருக்கு ஒரு சால்வையும் போர்த்திவிட்டார். எதற்குச் சால்வை என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பதில் சொல்லுவார் என்ற பயம்தான்.

நியூ லின்னை ஒரு சுற்றுச் சுற்றினோம். சிவப்பு விளக்கில் பக்கத்துக் காரில் இருந்த பெண் மூட்டையைப் பார்த்துச் சிரித்துக் கையசைத்தா. செந்தில் மூட்டையின் சார்பில் திருப்பிக் கையசைத்தார். ரயில் நிலையத்தடி மேடு பள்ளமெல்லாம் வெண்ணெயில் போவதுபோல் போனோம். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பின்சீட்டில் என்னோடு இருந்த குணாதான் கடைசிவரை மூட்டையையே உற்றுப் பார்த்துக்கொண்டு வந்தான்.

"பாஸ், மூட்டை ஒரு கம்ப்ளெயின்டும் பண்ணல லா. அதான் எனக்குப் பயமா இருக்கு."

வாசமான ஒழுகல்

இந்த நாட்டில் சஸ்பென்ஷனை மாற்றினால் அதற்கென்று உள்ள பரிசோதகர் வந்து பார்த்துச் சான்றிதழ் தரவேண்டும். வெள்ளைக்காரர், சிரிக்காத மனுஷன். டோர்ச்சோடு காருக்கு அடியில் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். புது ஷாக் நான்கிலும் செம்மண் நிறத்தில் ஏதோ வடிந்திருக்கிறது. ஷாக்கிலிருந்து எண்ணெய் ஒழுகினால் கதை முடிந்தது, கார் தேறாது. செந்திலைத் திரும்பிப் பார்த்தால் அவர் கூரையைப் பார்க்கிறார்.

நடந்தது இதுதான். பூட்டுவதற்கு முதல் நாள், செந்தில் பெட்டியோடு வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாமிப்படத்துக்கு முன்னால் வைத்து, ஒவ்வொரு ஷாக்குக்கும் சந்தனம் பூசிக் குங்குமம் வைத்திருக்கிறார். எங்கள் கண்ணில் படக்கூடாது என்று ஸ்பிரிங்குக்கு உட்பக்கமாய்ப் பூசியிருக்கிறார். சோதனை ஓட்டத்தில் மழைத்தண்ணி பட்டுக் கரைந்துவிட்டது. நான் விரலால் தொட்டுப் பரிசோதகரின் மூக்குக்கு நேரே நீட்டினேன். அவர் மோந்தார். இன்னொருதரம் மோந்தார். பிறகு துணியால் துடைத்து, கன நேரம் காத்திருந்து, எண்ணெய் இல்லை என்று கண்டபின் கையெழுத்துப் போட்டார்.

"எத்தனையோ ஷாக் ஒழுகிப் பார்த்திருக்கிறேன். இவ்வளவு வாசமாக ஒழுகியது இதுதான்."

ஆடி வெள்ளி

நான் செய்த பிழை என்ன தெரியுமா? டிரைவர் ஒருவர், மாமியார் ஒருவர் என்று கணக்குப் போட்டு உயரம் வைத்தேன். நானும் தமிழன்தானே, நம்முடைய கார் எப்போதாவது இரண்டு பேரோடு கோயிலுக்குப் போயிருக்கிறதா? அன்றைக்குப் பின்சீட்டில் கவிதா, கவிதாவின் இரண்டு சிநேகிதிகள். டிக்கியில் ஒரு அண்டா நிறைய ஆடிக்கூழ். கோயிலின் வெளிவாசலில் நானும் குணாவும் குடையோடு நிற்கிறோம், கார் பின்பக்கம் நிலத்தைத் தடவிக்கொண்டு வருகிறது. வாசலில் இருந்த வேகத்தடையில் கரக் என்று ஒரு சத்தம். கார் அப்படியே குந்திவிட்டது.

எல்லோரையும் இறக்கினோம். கூழையும் இறக்கினோம். கார் பெருமூச்சு விட்டு எழும்பியது. செந்தில் ஆமை வேகத்தில் முன்னால் ஓட்ட, பெண்கள் மழையில் பின்னால் நடக்க, நானும் குணாவும் அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனோம். எதிரில் வந்த ஒருவர் காரைக் கும்பிட்டே விட்டார். பாதியில் இறங்கி நடந்தபடியால் இது கணக்கில் சேராது, நாளைக்கு மறுபடி பார்ப்போம் என்று கவிதா சொல்லிவிட்டா. மாமியார் சேலையைத் தூக்கிப் பிடித்தபடி என்னிடம் வந்தா.

"தம்பி, இதுக்குப் பேர் கார்னு சொன்னாங்க. தேருன்னு முன்னாடியே சொல்லியிருந்தா வீட்டுல இருந்தே நடந்து வந்திருப்பேனே."

சனிக்கிழமை மறு விசாரணை

அடுத்த நாள் காலையிலேயே பின்பக்கத்தை உயர்த்தினேன், குமிழை மெத்தென்ற பக்கம் திருப்பினேன். செந்தில் காரின் திறப்பை, அதுதான் சாவியை, கையில் எடுத்தார். அவர் மெதுவாய் உருட்டி உருட்டி ஓட்டி ஏமாற்றிவிடுவார் என்று கவிதா அதைப் பறித்து, அம்மாவை ஏற்றிக்கொண்டு தானே புறப்பட்டா. அந்தக் காரை அவ தொட்டதே அதுதான் முதல் தடவை.

போனவர்கள் வரவேயில்லை. செந்தில் நகத்தைக் கடித்துக்கொண்டு கராஜ் வாசலுக்கும் உள்ளுக்குமாய் நடந்தார். "அண்ணே, அதை வித்துட்டா நான் செத்துருவேன்" என்றார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன், அதைக் குடிக்காமல் ஆற விட்டார். தூரத்தில் நாய்கள் குரைத்தபோதுதான் எங்களுக்கு மூச்சு வந்தது. கவிதா இறங்கினா, தலைமயிர் எல்லாம் பறந்து கலைந்து, முகம் முழுக்கச் சிரிப்பு. மாமியாரும் தானாகவே கதவைத் திறந்து இறங்கினா. முதுகு எப்படி அத்தை என்று செந்தில் கேட்டார்.

"வண்டியை விக்க வேண்டாம் மாப்பிள்ளை, முதுகு வலிக்கவே இல்ல. நீங்க ஓட்டினாத்தான் வலிக்குது. இனி இதைக் கவிதாவே ஓட்டட்டும், நீங்க பஸ்ல போய்க்கங்க."

காரை உயர்த்தலாம், தாழ்த்தலாம், மெத்தென்றும் ஆக்கலாம் விறைப்பாகவும் ஆக்கலாம், ஆனால் திறப்பு யார் கையில் இருக்கவேண்டும் என்பதற்கு மட்டும் எங்கள் கராஜில் ஸ்பானர் கிடையாது.