அண்ணன் பெயரில் ஒரு டிஸ்க் ஃபைல்

இன்று மண்ணரை ஏரியாவில் ஒரு பனியன் கம்பெனியிலிருந்து கம்ப்யூட்டர் சர்வீஸுக்குக் கூப்பிட்டார்கள். எம்பிராய்டரி டிசைன் சாஃப்ட்வேர் திறக்கவில்லையாம்.

அது பழைய விண்டோஸில்தான் ஓடும். அதற்காகவே புது கம்ப்யூட்டருக்குள் பழைய விண்டோஸ் தனியாக ஓடும்படி ஒரு விர்ச்சுவல் மெஷின் போட்டுக் கொடுத்திருந்தேன். போய்ப் பார்த்தால், அது பெயரை வைத்துத் தேடித் திறக்கும் டிஸ்க் ஃபைலின் பெயரே மாறியிருக்கிறது.

“இதை யாருங்க மாத்துனது?”

“நாந்தானுங்க,” என்றார் முதலாளி. “அண்ணனும் நானும் பிரிஞ்சுட்டமுங்க. அவரு பேரு இருந்த ஃபைலுக்கெல்லாம் எம்பட பேரை வெச்சுட்டனுங்க.”

பழைய பெயரையே திரும்ப வைத்தேன். உடனே திறந்தது. அவர் முகம் சுண்டிவிட்டது.

“அண்ணன் பேரு இல்லாம ஓடாதுங்களா?”

செட்டிங்கில் ஒரு வரியை மாற்றினால் ஓடும். ஆனால் அந்தக் கம்ப்யூட்டரை வாங்கிப் போட்டதே அந்த அண்ணன்தான்.

“ஓடவே ஓடாதுங்க” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

தொழில் தர்மம் பேசுகிறவர்கள் கமெண்டுக்கு வரலாம்.