அலாரம் அக்கா எழுதிய கணக்குப் பரீட்சை

டயர் கடைக்கு மேல்மாடியில், இரண்டே அறைகளில் நடக்கும் அந்தப் பள்ளியில் அவளுடைய பதவிக்கு 'வருகை உதவியாளர்' என்று பெயர். ஒருத்தரும் அவளை அப்படி அழைத்ததில்லை. மற்றப் பள்ளிகள் கைகழுவிவிட்ட பத்தொன்பது பிள்ளைகளைத் தினமும் காலையில் போன் போட்டு எழுப்புவதுதான் அவள் வேலை. எழாதவன் வீட்டுக்கே போய்க் கதவைத் தட்டுவாள். அதனால் அலாரம் அக்கா. முப்பத்தாறு வயது, வெண்கலக் குரல். அவள் ஒருவனை எழுப்பினால் பக்கத்து வீட்டுக்காரர்களும் சேர்ந்து எழுந்துகொள்வார்கள்.

அந்தப் பள்ளிக் கடிகாரமே ஒரு கூத்து. அந்தப் பிள்ளைகளுக்கு முன்பு படித்த இடங்களில் எல்லாம் சண்டை ஆரம்பித்ததே "ஏன் லேட்?" என்ற கேள்வியில்தான். ஆகவே பள்ளியை நடத்தும் சார், முதல் நாளே கடிகாரத்தை அரைமணி நேரம் பின்னால் திருப்பி வைத்துவிட்டார். அன்றோடு அங்கே லேட் என்ற பேச்சே ஒழிந்தது! நாளெல்லாம் அதைப் பார்த்தே வேலை செய்த அக்கா, தன் கைக்கடிகாரம், பட்டன் போன், வீட்டுச் சுவர்க் கடிகாரம் எல்லாவற்றையும் அதற்கே ஒத்து வைத்துக்கொண்டாள். அவள் கணவர் எத்தனை பஸ்ஸைத் தவறவிட்டாரோ, பாவம்.

எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தபோது மேலிடத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. ஊழியர்கள் அனைவரும் இந்த ஆண்டுக்குள் பத்தாம் வகுப்புத் தேறியாக வேண்டுமாம். அக்காவோ பதினைந்து வயதில் கணக்கில் கோட்டைவிட்டு, அத்தோடு படிப்புக்கு முழுக்குப் போட்டவள். இந்த முறையும் கணக்கு போனால் வேலையும் போய்விடும்.

பிள்ளைகளோடு அதே பெஞ்சில் இடித்துப் பிடித்து உட்கார்ந்து படித்தாள். அவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தவள் பூட்டு. பதினேழு வயதுப் பெண். வாயைத் திறக்கவே மாட்டாள் என்பதால் அந்தப் பெயர். தப்பாகப் போட்டால் பென்சிலால் நோட்டில் ஒரு தட்டு, அவ்வளவுதான் அவள் நடத்தும் பாடம்.

கணக்குப் பரீட்சை அவளுக்கும் பிள்ளைகளுக்கும் ஒன்றாக, ஒன்பதரைக்கு. அக்காவுக்குத் தன் பிள்ளைகளின் லட்சணம் தெரியாதா என்ன? "எட்டரைக்கே பரீட்சை" என்று கூசாமல் ஒரு புளுகு புளுகிவைத்தாள். அன்று காலை பத்தொன்பது பேரையும் எழுப்பிவிட்டு, பரீட்சைக்குப் போன் ஆகாது என்று அதை அணைத்து அலமாரியில் வைத்தாள். நிதானமாகக் குளித்து, டீ குடித்து, நல்ல பிள்ளையாகக் கிளம்பினாள்.

தெருமுனையில் டயர் கடைக்காரர் பைக்கை நிறுத்தினார்.

"என்னக்கா, பரீட்சைக்குப் போகலையா?"

"ஒன்பதரைக்குத்தானே? இன்னும் இருபது நிமிஷம் இருக்கு."

"ஐயோ, மணி ஒன்பது நாப்பதுக்கா!"

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. பிள்ளைகளுக்கு ஒரு மணி நேரம் முன்னதாகச் சொன்னவள், தன் கடிகாரம் அரைமணி பின்னால் ஓடுவதை மறந்தே போனாள். பத்து மணி ஆகிவிட்டால் கேட்டை மூடிவிடுவார்கள். பைக்கில் ஏறி உட்கார்ந்தாள். அவர் பறந்தார்.

பரீட்சை மையத்தின் கேட் பாதி மூடியிருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் எப்போதோ உள்ளே போய் எழுத ஆரம்பித்துவிட்டார்கள். பூட்டு மட்டும் ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே என்று நடுவில் நின்றிருந்தாள்.

"ஏம்மா, ஒண்ணு உள்ள வா, இல்ல வெளிய போ! நான் மூடணுமில்ல?" என்று காவலாளி கத்திக்கொண்டிருந்தார்.

"நான் உள்ள வந்தா மூடிடுவீங்க. எங்க அக்கா வராம நகரமாட்டேன்!"

தெருவே திரும்பிப் பார்த்தது. இத்தனை மாதத்தில் அந்தக் குரலை அக்கா இவ்வளவு உரக்கக் கேட்டதில்லை. விழுந்தடித்து ஓடிவந்து கேட்டுக்குள் நுழைந்தாள். காவலாளி தலையில் அடித்துக்கொண்டு சிரித்துவிட்டார்.

"அடிப்பாவி! நான் வராமலே இருந்திருந்தா உன் பரீட்சை என்னடி ஆகியிருக்கும்?" மூச்சு வாங்கியது அக்காவுக்கு.

"பரீட்சை ஆறு மாசத்துல திரும்ப வரும்க்கா. நீங்க வேலைய விட்டுப் போயிட்டா, காலையில என்னை யாரு எழுப்புறது?"

அக்காவுக்குக் கண்ணில் நீர் முட்டியது, சிரிப்பும் வந்தது. எதை முதலில் விடுவது என்று தெரியாமல் நின்றவளின் கையைப் பிடித்து இழுத்தாள் பூட்டு.

"கேள்வித்தாளப் பாத்துட்டு அழலாம், வாங்கக்கா."