ஒரு காது நீண்ட முயல்

அலுவலகத்தில் எல்லோரும் அவளை மடிப்பக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளைவிடப் பத்து வயது மூத்த ஓவியரும் அப்படித்தான். சிறுவர்களுக்குச் செய்முறைப் புத்தகங்கள் போடும் அந்த நிறுவனம் ஒரு டயர் கடைக்கு மேலே, இரண்டாம் மாடியில் இருந்தது. அங்கே அவள் பார்க்கும் வேலைக்கு என்ன பெயர் என்பது நியமனக் கடிதத்திலேயே தெளிவாக இல்லை. எழுதியிருப்பதை எழுதியிருப்பது போலவே, ஒரு குழந்தையின் அறிவோடு செய்து பார்க்க வேண்டும். வராவிட்டால், வரும்வரை வாக்கியத்தைத் திருத்த வேண்டும். அவ்வளவுதான்.

அதற்கு முன் ஆறு வருஷம் ஒரு மருந்துக் கம்பெனியில், மாத்திரைப் பெட்டிக்குள் வைக்கும் துண்டுத்தாளை மடித்துக்கொண்டிருந்தாள். இரண்டு பக்கமும் எறும்பு எழுத்து. எட்டாக மடித்தால் பெட்டிக்குள் போகும். அங்கே அவள் மடித்ததை உலகத்தில் யாரும் பிரித்துப் படித்ததில்லை. மடிக்கும் இயந்திரம் வந்தது, அவள் வெளியே வந்தாள். காகிதத்தில் பொம்மை செய்ய அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. மதிய இடைவேளையில் வீணான தாள்களை வைத்துக்கொண்டு, தவளை குதிக்கும்வரை விடாமல் மடித்துக் கற்றுக்கொண்டதுதான்.

இங்கே அவள் கொண்டுவந்த விதி ஒன்று உண்டு. மூன்று குழந்தைகள் தனியாக மடித்துக் காட்டினால்தான் ஒரு பொம்மை புத்தகத்துக்குள் போகும். அவர்கள் மடிக்கும்போது அவள் தன் இரண்டு கைகளையும் தொடைக்கடியில் வைத்து, அவற்றின்மேல் உட்கார்ந்துகொள்வாள். பெரியவர் கை தாளில் பட்டால் சோதனை செல்லாது. மூவரும் முடித்தால் ஒரு சீட்டில் கையெழுத்துப் போடுவாள். "மேலடுக்கின் வலது விளிம்பினை மையக்கோட்டுடன் பொருத்துக" என்று எழுத்தாளர் எழுதித் தந்தது, மூன்று குழந்தைகள் திருதிருவென்று விழித்த பிறகு, "வலது காதை நடுக்கோட்டில் தொட வை" என்று ஆகும். பதினோரு வருஷத்தில் 'வரவில்லை' என்று ஒரு கடிதம் வந்ததில்லை. கடைசிப் பக்கத்தில், தாள் சப்ளை செய்தவருக்கும் கீழே, 'செய்து பார்த்தவர்' என்று பொடி எழுத்தில் அவள் பெயர் இருக்கும். அதை யாரிடமும் காட்டிக்கொண்டதில்லை. ஆனால் புதுப் புத்தகம் வந்தால் முதலில் அந்தப் பக்கத்தைத்தான் புரட்டுவாள்.

அந்த வருஷம் 'குழந்தைகளுக்கான எளிய வசந்தகால மடிப்புகள்' வந்தது. வசந்தகாலப் புத்தகம் எப்போதும் ஜன்னலில் மழை அறையும்போதுதான் தயாராகும். ஓவியர் பழைய காலண்டரைப் பார்த்துப் பூ வரைந்தார். துலிப் பூ, வண்ணத்துப்பூச்சி, கோழிக்குஞ்சு, முயல் என்று பன்னிரண்டு பொம்மைகள். எங்கே மடிப்பது என்று புள்ளிக்கோடு போட்டால் படத்தின் அழகு கெட்டுவிடும் என்று ஓவியர் ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். மடிப்பக்கா அந்த ஒரு வாரமும் அவர் மேசைக்குப் பக்கத்திலேயே நின்றாள். கோடு வந்தது. பன்னிரண்டுக்கும் சீட்டு எழுதினாள்.

இந்த முறை மேனேஜர் இரண்டு புதுமைகள் செய்தார். முதல் பக்கத்தில் தன் படத்தோடு ஒரு முன்னுரை. கடைசியில், கிழித்து மடிக்கும்படி இருபத்து நான்கு வண்ணத் தாள்கள். அட்டையில் 'கத்தரி வேண்டாம், பசை வேண்டாம், பெரியவர்கள் வேண்டாம்' என்று கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். முன்னுரை முழுக்கப் பொறுமையைப் பற்றியது. அதைப் பதினைந்து நிமிஷத்தில் எழுதி முடித்துவிட்டதாக எல்லோரிடமும் சொன்னார்.

பைண்டிங்கிலிருந்து ஐயாயிரம் பிரதிகள் வந்து மாடிப்படி முழுவதையும் அடைத்துக்கொண்டன. மடிப்பக்கா ஒன்றை எடுத்தாள், கடைசிப் பக்கம் பார்த்தாள், ஒரு மஞ்சள் தாளைக் கிழித்து முயல் மடித்தாள். ஒரு காது நீளமாக வந்தது. கை தவறியிருக்கும் என்று இன்னொன்று மடித்தாள். அதே காது. மூன்றாவது தாளைக் குறுக்காக மடித்துப் பார்த்தாள். ஓரத்தில் ஒரு மெல்லிய பட்டை வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

விஷயம் இதுதான். புத்தகம் இருபது சென்டிமீட்டர் சதுரம். தாள் கிழிவதற்கான துளைகளை முதுகுப் பக்கத்திலிருந்து ஐந்து மில்லிமீட்டர் தள்ளிப் போட்டிருந்தார்கள். கிழித்ததும் அந்த ஐந்து மில்லிமீட்டர் புத்தகத்தோடு தங்கிவிடும். கையில் வருவது சதுரம் இல்லை. வடிவமைப்பாளர் பக்கத்தை அளந்தார். பைண்டர் துளையை அளந்தார். கிழித்த பிறகு மிஞ்சுவதை அளப்பது யார் வேலை என்று யாருக்கும் யாரும் சொல்லவில்லை. மடிப்பக்கா சோதித்ததோ, எப்போதும்போல, தானே வெட்டிய சதுரங்களில்.

அன்று மாலையே பைண்டரைப் பார்த்துவிட்டு வந்து மேனேஜரிடம் வழியையும் சொன்னாள். கட்டிங் மெஷினில் வைத்துப் புத்தகத்தின் தலைப்பக்கம், மேல் விளிம்பில், ஐந்து மில்லிமீட்டர் சீவிவிட்டால் தாள் சதுரமாகிவிடும்; ஒரு நாள் வேலை. மேனேஜர் புத்தகத்தைத் திறந்து முதல் பக்கத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். மூடினார். தொழில்நுட்பக் காரணங்களால் அது முடியாது என்றார்.

மறுநாள் கூட்டம் போட்டார்கள். 'எளிய' என்ற சொல்லின்மேல் 'சிந்திக்கும் குழந்தைகளுக்கான' என்று ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம், விலையையும் கொஞ்சம் ஏற்றலாம் என்றார் விற்பனைக்காரர். படத்தில் இரண்டு காதும் சமமாகவே இருப்பதை ஓவியர் மூன்று முறை எல்லோருக்கும் நினைவூட்டினார். 'உற்றுக் கேட்கும் முயல்' என்று பெயரை மாற்றினால் போதும் என்றார் வடிவமைப்பாளர். அப்படியானால் கோணலாக வரும் வண்ணத்துப்பூச்சிக்கு என்ன சொல்வது என்று கேட்டதற்கு, காற்றடிக்கிறது என்று சொல்லலாம் என்றார்.

"அஞ்சு மில்லிமீட்டர்," என்றார் மேனேஜர். "குழந்தைக்கு இதெல்லாம் தெரியவா போகுது?"

"குழந்தைக்குத் தெரியாது சார். முயலுக்குத் தெரியும்," என்றாள் மடிப்பக்கா.

இரண்டு பேர் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்கள். மேனேஜர் அவள் முன்னால் இரண்டு தாள்களை வைத்தார். ஒன்று, புத்தகத்தில் உள்ள தாளிலேயே குழந்தைகள் செய்து பார்த்தார்கள் என்று சொல்லும் புதுச் சீட்டு. இன்னொன்று, வருஷா வருஷம் அவள் வேலையைப் புதுப்பிக்கும் ஒப்பந்தம். அதில் இன்னும் மேனேஜர் கையெழுத்து விழவில்லை. இரண்டையும் ஒன்றாக முடித்துவிடலாமே என்று இனிமையாகத்தான் சொன்னார். நாளைக்குச் சொல்கிறேன் என்று எழுந்து வந்தாள்.

அவள் கணவர் பூட்டு ரிப்பேர் செய்பவர். ஒரு கையெழுத்துதானே, கிறுக்கிவிட்டு வரவேண்டியதுதானே என்றார். சேராத சாவியை, பார்க்க நன்றாக இருக்கிறது என்று நீங்கள் கொடுப்பீர்களா என்று கேட்டாள்.

"எப்படிக் குடுப்பேன்? திரும்பி வந்து சண்டை போடுவாங்களே."

"குழந்தைங்க சண்டைக்கு வராதுங்க. தனக்குத்தான் கை வரலைன்னு நினைச்சுட்டு, தாளை மூலையில போட்டுட்டுப் போயிடும்."

அவர் கையில் இருந்த சாவியை அரத்தால் இன்னொரு முறை ராவினார்.

மறுநாள் அவள் மேனேஜரிடம், விதிப்படி சோதித்துவிட்டுக் கையெழுத்துப் போடுகிறேன் என்றாள். மேனேஜருக்குச் சந்தோஷம். மூன்று குழந்தைகள் எதற்கு, என் பெண் ஒருத்தி போதும் என்றார். இரண்டாம் வகுப்பு, கைவேலையில் பரிசெல்லாம் வாங்கியவள். சாயங்காலம் பள்ளிப் பையோடு வந்து, கூட்ட அறையின் பெரிய நாற்காலியில் கால் எட்டாமல் உட்கார்ந்தாள். மடிப்பக்கா கைகளின்மேல் உட்கார்ந்தாள். மேனேஜரையும் அப்படியே உட்காரச் சொன்னாள். மூன்றாவது படியிலேயே அவருடைய வலது கை வெளியே வந்தது. மடிப்பக்கா பார்த்தாள். கை உள்ளே போனது.

முதல் முயலுக்கு ஒரு காது நீளம். குழந்தை படத்தைப் பார்த்தாள், முயலைப் பார்த்தாள், வேறு தாள் கிழித்தாள். மறுபடியும் அதே காது. மூன்றாவது முறை நாக்கைத் துருத்திக்கொண்டு ஒவ்வொரு மடிப்பையும் நகத்தால் அழுத்தினாள். காது மாறவில்லை. முயலைக் குப்புறக் கவிழ்த்து வைத்தாள்.

"எனக்கு வரலைப்பா. நான் என்ன பண்ணாலும் கோணலாத்தான் வருது."

மேனேஜர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். "தாள்..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். கை இன்னும் தொடைக்கடியில்தான் இருந்தது.

மடிப்பக்கா தன் பையிலிருந்து, தான் வெட்டிய சதுரம் ஒன்றை எடுத்துக் குழந்தையின் முன்னால் வைத்தாள். குழந்தை வேண்டாவெறுப்பாக மடித்தாள். இரண்டு காதும் சமமாக நின்றன. கொஞ்ச நேரம் அதைப் பார்த்தாள். பிறகு மடிப்பக்காவிடம் இன்னொரு சதுரம் கேட்டு வாங்கி, புத்தகத்திலிருந்து கிழித்த தாளின்மேல் வைத்தாள். ஒரு பக்கம் சேர்ந்தது, இன்னொரு பக்கம் சேரவில்லை. கிழித்ததைத் திருப்பித் திருப்பி, அதன் இரண்டு பக்கங்களையும் விரலால் அளந்தாள்.

"அப்பா, உங்க புக்ல இருக்கிறது சதுரமே இல்ல. நான் சரியாத்தான் மடிச்சேன்."

மேனேஜர் எழுந்து வெளியே போய் பைண்டருக்குப் போன் செய்தார். தொழில்நுட்பக் காரணங்கள் நீங்கிவிட்டனவா என்று அவரை யாரும் கேட்கவில்லை. ஒப்பந்தத்திலும் அன்றைக்கே கையெழுத்துப் போட்டார், பேனாவைப் பார்த்தபடி.

ஐயாயிரம் பிரதிகளும் தலை சீவப்பட்டு வந்தன. தாள்கள் சதுரமாகியிருந்தன. முதல் பக்கத்தில் மட்டும், மேல் விளிம்புவரை போட்டிருந்த மேனேஜர் படத்தில், ஸ்டூடியோவில் அரை மணி நேரம் வாரிய முடி போய், புருவத்துக்குக் கொஞ்சம் மேலே ஆள் முடிந்துபோயிருந்தார். அதற்குக் கீழே, பொறுமை வேண்டும் என்று எழுதியிருந்தது.

இரண்டு மாதம் கழித்து, பதினோரு வருஷத்தில் முதல் முறையாக, 'செய்து பார்த்தவர்' பெயருக்கு ஒரு கடிதம் வந்தது. பென்சில் எழுத்து. முயல் வந்தது, பூ வந்தது, பூச்சியும் வந்தது. முதல் பக்கத்து மாமாவுக்கு மட்டும் தலை சரியாக வரவில்லை, அவரை யார் மடித்தது என்று கேட்டிருந்தது.

வரவில்லை என்று சொல்லும் கடிதம் மேனேஜர் மேசைக்குப் போக வேண்டும் என்பது அலுவலக விதி. மடிப்பக்கா அதை இரண்டு முறை படித்தாள். பிறகு மாத்திரைப் பெட்டிக்குள் போகும் அளவுக்கு எட்டாக மடித்து, தன் மேசை இழுப்பறையில் வைத்துக்கொண்டாள்.