ஒரு மணிக்குத் திறக்கும் வாய்

பிரிக்பீல்ட்ஸ் வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் என் எதிரே இருந்தவரின் புஜங்கள் சட்டைக் கையைக் கிழித்துவிடும்போல இருந்தன. அவர் முன்னால் வெறும் இலையும், சீனிகூடப் போடாத கோப்பி ஓ என்ற பாலில்லாக் காப்பியும்தான்.

"நீங்க சாப்பிடலையா அண்ணே?"

"ஒரு மணி வரைக்கும் பாஸ்டிங் லா. நேத்து ராத்திரி சாப்பிட்டது. கொழுப்பு கரையும். ஆனா அப்புறம் கோழி, முட்டைன்னு நல்லா உள்ள தள்ளணும். இல்லேன்னா மசிலும் சேர்ந்து போயிரும்."

"அப்ப ஒரு மணிக்கே வரலாமே?"

"இடம் கிடைக்காது லா!"

அதுவரை மற்றவர்களுக்கு வழிகாட்டுவதுதான் அவர் வேலை. "கோழிப் பிரட்டல் வாங்குங்க. மிளகு தூக்கலா இருக்கும். எலும்புல ஒட்டின மசாலாவை விட்டுறாதீங்க" என்று அவர் கண்ணை மூடிச் சொன்ன அழகில் நான் வாங்கினேன். பக்கத்து மேசை ஆன்டியும் வாங்கினார். பின்னாலிருந்த குடும்பமே வாங்கியது.

சரியாக ஒரு மணிக்கு அவருடைய கைப்பேசியில் அலாரம் அடித்தது. "கோழி ரெண்டு பிளேட்!" என்று உற்சாகமாகக் கூவினார்.

"முடிஞ்சிருச்சு அண்ணே" என்றார் பரிமாறுபவர்.

அவர் என் இலையிலிருந்த எலும்பைப் பார்த்தார். பிறகு வெடித்துச் சிரித்தார். "அவ்ளோ நல்லாவா சொன்னேன்?" என்று முட்டைகளை வரவழைத்துக்கொண்டார்.

அடுத்த வாரமும் அதே நாற்காலியில், வெறும் இலையோடு இருந்தார். எதிரே புதிதாக உட்கார்ந்த ஒருவர், "இங்க என்ன நல்லாருக்கும் அங்கிள்?" என்று கேட்டார்.

"கீரை. கோழியெல்லாம் சுமார்தான் லா."

சொல்லிவிட்டு அவர் எச்சில் விழுங்கியதைப் பக்கத்து மேசையிலிருந்த நான் மட்டும்தான் பார்த்தேன். அன்றைக்கு நானும் கீரையே வாங்கினேன்.