விற்பவர்களில் மூன்றாமவர்

வீடு வாங்க அதன் விலை கையில் இருந்தால் போதும் என்றுதான் நானும் என் கணவரும் நினைத்திருந்தோம். எனக்கு விழுப்புரத்தில் ஒரு தனியார் மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. அவர் திண்டிவனத்தில் அரிசி ஆலை ஒன்றில் எலெக்ட்ரீஷியன். கல்யாணமானதிலிருந்தே விழுப்புரத்தில் வாடகை வீடுதான். திண்டிவனத்தில் மாதா கோயிலுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு வீடு விலைக்கு வருகிறது என்று புரோக்கர் கூட்டிப்போய்க் காட்டினார். இரண்டு அறை, நல்ல காற்று, சுவரெல்லாம் காரை பெயர்ந்து கிடந்தது. எனக்குப் பிடித்துவிட்டது. அட்வான்ஸ் கொடுத்தோம். மீதிக்கு வங்கியில் கடன் கேட்டோம்.

வங்கி, வக்கீலின் கருத்து வேண்டும் என்றது. அவர்கள் பட்டியலில் இருந்த ஒரு பெண் வக்கீலைப் போய்ப் பார்த்தோம். என்னைவிடச் சின்னவர். ஒரு தாளில் வரிசையாக எழுதிக் காட்டினார். முத்திரைத் தீர்வை, பதிவுக் கட்டணம், பத்திரம் எழுதுபவருக்கான கூலி, வில்லங்கச் சான்று, அவருடைய ஃபீஸ், பிறகு பட்டா மாற்றுவது. வரிசை இறங்க இறங்க என் கணவர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டே போனார். பெண் பேரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் சலுகை உண்டாமே என்று கேட்டேன். விலை ஒரு வரம்புக்குள் இருந்தால்தான் உண்டு, உங்கள் வீடு அதைத் தாண்டிவிட்டது என்றார். வீட்டைப் பார்த்தால் எதையும் தாண்டுகிற வீடாகத் தெரியவில்லை.

விற்பவர்கள் அண்ணன், தம்பி இரண்டு பேர். இறந்துபோன அப்பாவின் வீடு அது. அன்று தம்பி மட்டும் எங்களோடு வந்திருந்தார்.

"அப்பாவுக்கு எத்தனை பசங்க?" என்று வக்கீல் கேட்டார்.

"நாங்க ரெண்டு பேருதாங்க."

"பொண்ணு?"

அவர் மின்விசிறியைப் பார்த்தார். "ஒரு தங்கச்சி இருக்குதுங்க. அது வேற ஆளுங்க வீட்டுப் பையனைக் கட்டிக்கினு போயிடுச்சு. பேச்சுவார்த்தை கெடையாது. பட்டா எங்க ரெண்டு பேரு பேர்லதான் இருக்குது."

"பட்டா இருக்கட்டும் சார். மகனுக்கு என்ன பங்கோ அதேதான் மகளுக்கும். அவங்க கையெழுத்து இல்லாம நான் ஒப்பினியன் தர மாட்டேன். நாளைக்கு அவங்க கேஸ் போட்டா கோர்ட்டுக்கு அலையப் போறது இவங்க ரெண்டு பேரும்தான்."

வெளியே வந்ததும் புரோக்கர் என் கணவரைத் தனியாகக் கூப்பிட்டார். "இதெல்லாம் பேஜாரு சார். வேற வங்கி, வேற வக்கீலு, ஜல்தியா முடிச்சுடலாம். அந்தப் பொண்ணு எங்க வரப் போவுது?"

பேருந்தில் விழுப்புரம் வரும் வரை எங்களுக்குள் அதே பேச்சுதான். "அட்வான்ஸ் குடுத்தாச்சு. அவங்க குடும்பச் சண்டை நமக்கு எதுக்கு?" என்றார் அவர்.

"நாளைக்கு அந்தச் சண்டை நம்ம வீட்டுக்குள்ள வந்து உக்காரும்" என்றேன். சரி, வக்கீல் சொன்னபடியே செய்வோம் என்றார். இருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் வந்தார்.

வக்கீல் இரண்டு வழி சொல்லியிருந்தார். தங்கை தன் பங்கை அண்ணன்களுக்கு விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதித் தரலாம். அதற்குத் தனி முத்திரைத் தீர்வை, தனிப் பதிவு. இல்லையென்றால் விற்பவர்களில் ஒருவராக எங்கள் கிரயப் பத்திரத்திலேயே கையெழுத்துப் போடலாம். அப்போது தனிப் பத்திரம் வேண்டாம், ஆனால் விலையில் அவர் பங்கு அவருக்குப் போகும். அண்ணன்கள் முதல் வழிதான் வேண்டும் என்றார்கள். அந்தச் செலவை நாங்கள் ஏற்க வேண்டுமாம். அவளிடம் போய்ப் பேசுவதும் எங்கள் பாடாம்.

ஒரு விடுமுறை நாளில், தம்பி விசாரித்துச் சொன்ன இடத்துக்கு நானே கிளம்பினேன். புதுச்சேரி போய், அங்கிருந்து கடற்கரைச் சாலையில் போகும் பேருந்தில் பொம்மையார்பாளையம். ஜன்னலோரம் உட்கார்ந்து போகும்போதுதான் எனக்கும் அப்படி ஒரு கையெழுத்து உண்டு என்பது நினைவுக்கு வந்தது. அப்பா இறந்த பிறகு அண்ணன் என்னை விழுப்புரம் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனார். காட்டிய இடங்களில் கையெழுத்துப் போட்டேன். பிறகு ஓட்டலில் நல்ல சாப்பாடு, ஒரு பட்டுப் புடவை. பத்திரச் செலவு முழுவதையும் அண்ணனே பார்த்துக்கொண்டார் என்று எல்லாரிடமும் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். அண்ணன்மேல் இன்றும் எனக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தச் செலவு எதற்கான செலவு என்று ஒருமுறைகூட நான் கேட்டதில்லை. அப்படிக் கேட்கலாம் என்றே எனக்குத் தெரியாது.

கடலோரத்தில் ஒரு விருந்தினர் விடுதியின் சமையலறையில் அவள் வேலை செய்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயது இருக்கும். மீன் கழுவிய கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே வெளியே வந்தாள்.

"யாரு அனுப்பிச்சாங்க உங்கள?"

"யாரும் அனுப்பல. உங்கப்பா வீட்டை வாங்கப் போறவ நான்."

"அண்ணனுங்க வரலியா?" என்றாள். பதிலை எதிர்பார்த்துக் கேட்டது போல இல்லை. வேலியோரம் கிடந்த இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்துப் போட்டாள். விடுதலைப் பத்திரம் பற்றிச் சொன்னேன்.

"விடுதலையா? எதுலேர்ந்துக்கா விடுதலை? அவங்கதான் என்ன எப்பவோ விட்டுட்டாங்களே" என்று சிரித்தாள்.

இரண்டாவது வழியையும் சொன்னேன். அதைச் சொல்லாமல் வந்திருந்தால் என் வேலை சீக்கிரம் முடிந்திருக்கலாம். சொல்லாமல் இருக்க மனம் வரவில்லை.

"இதுல எது உங்களுக்குச் செலவு கம்மி?"

"ரெண்டாவது."

"அப்போ அதையே பண்ணிடுங்க. என் பங்கையும் வாங்கிக்குவேன். வேணாம்னு சொல்ல நான் பணக்காரி இல்லக்கா. அப்பா கிட்ட கடைசி வரைக்கும் ஃபோன்ல பேசிக்கினுதான் இருந்தேன். அவங்களுக்குத் தெரியாது." எழுந்தவள் திரும்பி நின்றாள். "பத்திரத்துல மகள்னு எழுதுவாங்க இல்ல?"

எழுதுவார்கள் என்றேன். எழுத வைப்பேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன்.

வக்கீல் அலுவலகத்தில் இதைச் சொன்னபோது மூத்தவர் எழுந்தே விட்டார். "ஓடிப் போனவளுக்குப் பங்கா? வீட்டை விக்கவே வேணாம். பூட்டியே கெடக்கட்டும்!"

"கல்யாணம் பண்ணிக்கினா மகள் இல்லைனு எந்தச் சட்டத்துலயும் எழுதலைங்க சார்" என்றார் வக்கீல், குரலை உயர்த்தாமல்.

தம்பி தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். "அண்ணே, இதுக்கு முன்ன வந்தவங்களும் பேப்பரு சரியில்லன்னுதானே திரும்பிப் போனாங்க? இன்னும் எத்தினி வருஷம் பூட்டி வைக்கிறது?"

மூத்தவர் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். வீடு கைவிட்டுப் போயிற்று என்றே நினைத்தோம். அட்வான்ஸ் திரும்பி வருமா என்று என் கணவர் கவலைப்பட ஆரம்பித்தார். சில வாரம் கழித்துத் தம்பி ஃபோனில் கூப்பிட்டார். "அண்ணன் ஒத்துக்கினாருங்க. எப்டின்னு கேக்காதீங்க."

பதிவு நாளன்று திண்டிவனம் பதிவு அலுவலக வாசலில் நல்ல கூட்டம். அண்ணன்கள் ஒரு பெஞ்சில், அவள் எதிர் சுவரோரம். பதிவுக்கு முன் பத்திரத்தை எல்லாரும் கேட்கும்படி ஒருமுறை படிக்கச் சொல்லி வக்கீலிடம் கேட்டிருந்தேன். விற்பவர்களின் பெயர்களைப் படிக்கும்போது, இறந்தவரின் மகள் என்ற இடம் வந்தது. அவள் சுவரை விட்டுக் கிட்டே வந்து அந்த வரியையே பார்த்துக்கொண்டு நின்றாள். மூத்தவர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு உள்ளே ஒவ்வொருவராகப் புகைப்படம், கைரேகை. அவள் முறை வந்தபோது கருவி ரேகையைப் பிடிக்கவில்லை. தண்ணீரிலேயே புழங்கும் விரல். "நல்லாத் துடைச்சிட்டு வைம்மா" என்று பின்னால் நின்ற மூத்தவர் குரல் கொடுத்தார். அவர் அவளிடம் நேராகப் பேசியதை நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

எங்களுக்கு ஆன செலவு வக்கீல் எழுதிக் காட்டியதையும் தாண்டியது. சுவருக்கு வண்ணம் அடிப்பதைத் தள்ளிப்போட்டுவிட்டு அப்படியே குடியேறுவது என்று அங்கேயே முடிவு செய்தோம். என் கணவருக்கு அதில் வருத்தம்தான். ஆனாலும் வக்கீலுக்கு ஃபீஸைக் கொடுக்கும்போது, கேட்காமலே ஒரு நன்றியும் சொன்னார்.

படியிறங்கும்போது மூத்தவர் தங்கையின் அருகே போய் நின்றார்.

"சாப்ட்டுப் போறியா?"

"வேலை இருக்குதுண்ணே. பஸ்ஸுக்கு நேரமாச்சு."

"அப்போ ஃபோன் நம்பராவது குடு."

அவள் சொல்லச் சொல்ல அவர் அழுத்தினார். நடுவில் ஓர் எண் தப்பிப்போனது. மறுபடி ஆரம்பித்தார், மறுபடியும் தப்பியது. அவள் ஃபோனை அவர் கையிலிருந்து வாங்கி, தானே எண்ணைப் பதிந்து கொடுத்துவிட்டு, புதுச்சேரி பேருந்து நிற்கும் பக்கமாக வேகமாக நடந்தாள்.