கடுகு விழுங்கிய ஒற்று

1975ஆம் ஆண்டின் மழைக்காலத்தில், நான் மணமாகி வந்த வீட்டின் கூடத்தில், ஒலிநாடாக்களுக்கு நடுவே அவரை முதன்முதலாகக் கண்டேன். என் கணவரின் தம்பி.

"கதவ மெதுவா சாத்துங்க அண்ணி, பதிவுல விழுது. இந்த வீட்டுல எனக்குனு ஒரு அறை கிடையாது."

"ஓர் அறை" என்று திருத்தினேன்.

"வந்ததும் வராததுமா கன்னத்துலயே கொடுத்துடுவீங்க போலிருக்கே!"

குள்ளமானவர், கோபமோ மூக்கின் நுனியில் நிற்கும். ஆகவே வீட்டில் அவருக்குக் 'கடுகு' என்று பெயர். நான் அவருடைய வாக்கியங்களைத் திருத்துவேன். அவர் என் குரலைத் திருத்துவார். ஒருநாளும் நாங்கள் ஒத்துப்போனதில்லை.

நாடாக்கள் ஒழிந்து கணினி வந்தபின், மாடியறைச் சுவர்களில் பழைய மெத்தைகளை அறைந்து பதிவறை அமைத்தார். பார்வையற்ற மாணவர்களுக்கான இலக்கணப் பாடங்களை நான் வாசிக்க, அவர் பதிந்தார். இறுதியில் அவருக்கு எஞ்சியிருந்த வேலை அதுவொன்றே. அந்தப் பாடங்களைத்தான், பதியச் சொன்ன பார்வையற்றோர் சங்கத்தார் திருப்பியனுப்பினர். 'தந்தப் பலகை', 'தந்த பலகை' என்று கேட்கிறதாம். யானைத் தந்தத்தாலான பலகை, யாரோ கொடுத்த பலகையாகிவிட்டது! மறுபதிவும் இப்படியே இருந்தால் வேலை வேறிடம் போய்விடும் என்றனர்.

"பல்லு போனா சொல்லு போச்சுனு சும்மாவா சொன்னாங்க?" என்றார் கடுகு.

"என் பல்லெல்லாம் பத்திரமா இருக்கு தம்பி. உங்க பெட்டியப் பாருங்க."

மைக்கைக் கணினியோடு இணைக்கும் ஒலிப்பெட்டியை இயக்கும் டிரைவர் மென்பொருளின் அமைப்புகளைத் திறந்தார். பஃபர் என்பது ஒலியைச் சிறிது தேக்கிவைத்துக் கணினிக்கு ஊட்டுவது. முன்பு அது பெரிதாக இருந்தபோது என் குரல் ஹெட்ஃபோனில் பிந்தி வந்து என்னைத் தடுமாறச் செய்தது. நான் குறைகூறியதும், வீம்புக்கென்றே அதை இயன்றவரை சிறிதாக்கிவிட்டார். கணினி ஈடுகொடுக்க முடியாமல் திணறி, இடையிடையே ஒலியை அறுத்தது.

அவர் பதிவை ஓட்டிக் காட்டியதும், "இதோ, 'டிக்'குனு வெட்டுது" என்றேன்.

"எங்க? குத்தம் கண்டுபிடிக்கலேன்னா உங்களுக்குச் சோறு இறங்காதே!"

மீண்டும் ஓட்டினார். மீண்டும் வெட்டியது. அவர் முகத்தில் ஓர் அசைவுமில்லை.

"தம்பி, அது உங்க காதுல விழல."

திரையை அணைத்தார். "வெளிய போங்க" என்றார்.

சில நாள்கள் முகங்கொடுத்துப் பேசவில்லை. பிறகு அவரே மாடிப்படியில் நின்று கத்தினார்:

"பஃபர ஏத்திட்டேன். பெட்டியில ஒரு சுவிட்ச் இருக்கு. அதப் போட்டா உங்க குரல் கம்ப்யூட்டரச் சுத்தாம நேரா உங்க காதுக்கே வந்துடும். இனிமே சாக்குச் சொல்ல முடியாது."

வாசித்தேன், குரல் பிந்தவில்லை. பதிவு முடிந்தும் அவர் அனுப்பவில்லை. அனுப்பும் பொத்தானுக்கு மேல் விரல் அப்படியே நின்றது.

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"எதை?"

அந்தப் பாடங்கள் ஏற்கப்பட்ட மாதத்திலேயே மாரடைப்பு அவரைக் கொண்டுபோயிற்று. ஆதலால், அன்று ஹெட்ஃபோனை என் மடியில் எறிந்து அவர் என்னிடம் கேட்டதே கடைசி உதவி:

"முழுசையும் கேளுங்க. எங்க வெட்டுதோ அங்க கையத் தூக்குங்க. வாயத் தொறந்துடாதீங்க."